மகேந்திரன் வைத்த பொட்டு

மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றை மட்டமாக்கி வீடு கட்டப்போகிறார்கள். அந்த மண்வேலையில் நான் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதுபவன். எண்ணெய் டின்களுக்கும் கிரீஸ் வாளிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு மனிதர்களைப் பார்ப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு ஏது? அப்படிப் பார்த்ததில், சிலிபின் ஊர்க்காரர் மகேந்திரனைப் போன்ற ஒரு மேதாவியை நான் கண்டதே இல்லை.

ஐம்பது வயது. இருபத்தாறு வருடமாக மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறார். இயந்திரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமே கிடையாது. இந்த உண்மையை எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான். இடது கையில் முழங்கை வரை வெந்த தழும்பு உண்டு. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறந்து வாங்கியது. அதை ஏதோ போரில் பட்ட காயம் மாதிரி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் காட்டுவார். சூடு ஆறும் வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "ஒனக்கு என்னா தெரியும் கிராணி? தொறந்தேன், உயிரோடதானே இருக்கேன்லா!" என்றார்.

ஹைட்ராலிக் எண்ணெய் விஷயத்திலும் அவர் வழி தனி வழிதான். இயந்திரக் கையின் நுனியில் மண் அள்ளும் பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு அளவு பார்க்க வேண்டும். இவரோ இயந்திரத்தின் கையை வானத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு பார்ப்பார். பாதி எண்ணெய் கையைத் தூக்கப் போயிருக்கும், தொட்டியில் குறைவாகத்தானே தெரியும்? உடனே ஒரு டின்னை ஊற்றுவார். கையை இறக்கியதும் எண்ணெய் பொங்கி வழியும். கம்பெனி வாங்கித் தந்த எண்ணெய் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்.

இப்படிப்பட்டவருக்கு டீசல் ஊற்ற வந்து வாய்த்தவள் புனிதா. டீசல் லோரி ஓட்டுகிறாள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. இந்தச் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. அவளுக்குச் சில கண்டிப்புகள் உண்டு. பக்கெட் தரையில் இருக்க வேண்டும், எஞ்சினை நிறுத்திச் சாவியை அவள் கையில் கொடுக்க வேண்டும், சிகரெட்டும் கைப்பேசியும் கிட்டே வரக்கூடாது. தொட்டியைக் கழுத்து வரை நிரப்பவும் மாட்டாள், வெயிலில் டீசல் விரியும் என்பாள்.

"என்னம்மா, நீ எண்ண ஊத்த வந்தியா, டீச்சர் வேல பாக்க வந்தியா?" என்று மகேந்திரன் தினமும் கேட்பார். சாவியை மட்டும் கொடுக்கவே மாட்டார். ஒரு பெண்ணின் கையில் சாவியை வைத்தால் இருபத்தாறு வருடக் கௌரவம் என்ன ஆவது? எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுத் தட்டிக் காட்டுவார்.

ஆயுத பூசை வந்தது. பக்தியிலும் மகேந்திரனை யாரும் மிஞ்ச முடியாது. கண்ணாடிக்கு ஒரு பொட்டு, கதவுக்கு ஒன்று, பக்கெட்டின் பல்லுக்குப் பல் ஒன்று, டீசல் தொட்டியின் மூடி நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. சந்தனத்தை அப்பி அதன்மேல் குங்குமத்தையும் வைத்தார். பிறகு, புனிதா டீசல் ஊற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சூடத்தைக் கொளுத்தப் போனார். அவள் போட்ட சத்தத்தில் தீப்பெட்டி கீழே விழுந்தது. சூடத்தட்டு தூரத்தில் இருந்த மரத்தடிக்குப் போனது. "சாமிக்கே சட்டம் போடுறா" என்று அன்று முழுக்க முணுமுணுத்தார்.

மறுநாள் இரண்டு மணி நேரம் ஓடிய அவர் இயந்திரம் இருமிவிட்டு நின்றது. புனிதா வந்து மூடியைத் திறந்து டீசல் ஊற்றினாள், ஓடியது. இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் நின்றது. மூன்று நாளும் இதே கதைதான். நிற்க நிற்க மகேந்திரனுக்குப் பக்தி பெருகியது. தினமும் காலையில் எல்லாப் பொட்டின்மேலும் புதுச் சந்தனம் ஏறியது.

மூன்றாம் நாள் மகேந்திரன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "டீசல்ல தண்ணி இருக்கு மண்டோரே. நல்லத வெளிய வித்துட்டு இங்க தண்ணி கலக்குறா."

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அர்ச்சுனன், யார் குரல் பெரிதோ அவர் பக்கம் நியாயத்தைக் காண்பவர். "நாளைக்கு வெள்ளிக்கெழம. சாயங்காலத்துக்குள்ள இந்த வண்டி ஒழுங்கா ஓடலன்னா, லோரி சாவிய வெச்சிட்டுப் போயிரும்மா" என்றார். அதே லோரி டீசலில் இன்னொரு ஆபரேட்டரான தர்மாவின் இயந்திரம் ஒரு நாளும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அது எப்படி என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. புனிதா தினமும் காலையில் லோரித் தொட்டியின் அடியிலிருந்து டீசலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, தண்ணீர் இல்லை என்று எனக்குக் காட்டுவாள். டீசல் சுத்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் இயந்திரம் வழக்கம்போல நின்றது. புனிதா அன்று இரையும் லோரி எஞ்சினையும் நிறுத்திவிட்டுப் போய் மூடியைத் திருகினாள். 'ஸ்ஸ்' என்று தொட்டி காற்றை உள்ளே இழுத்தது. அப்படியே நின்றுவிட்டாள். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், காய்ந்து கட்டியாகியிருந்த சந்தனத்தைச் சுரண்டினாள். அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. எங்களைக் கூப்பிட்டாள்.

"டீசல் கொறைய கொறைய இது வழியாத்தான் காத்து உள்ள போவணும். அத அடச்சு வெச்சா எஞ்சின் எப்படிண்ணே டீசல இழுக்கும்? நா வந்து மூடியத் தொறந்ததும் காத்து போயிருது, அதான் திரும்பவும் கொஞ்ச நேரம் ஓடுது."

"சந்தனத்துக்கு எஞ்சின் நிக்குமா? சாமி குத்தம் ஆயிரும், பாத்துப் பேசு!" என்று குதித்தார் மகேந்திரன்.

அவள் வாதாடவில்லை. மூடியின் துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தாள். அவருடைய சந்தனக் கிண்ணத்தையே எடுத்துப்போய், தர்மாவிடம் கேட்டுவிட்டு, அவன் இயந்திரத்தின் மூடியில் ஒரு கை அப்பினாள். "இப்ப ரெண்டு வண்டியும் ஓடட்டும்ண்ணே, பாப்போம்."

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தர்மாவின் இயந்திரம் இருமிவிட்டு நின்றது. மகேந்திரனுடையது ஓடிக்கொண்டே இருந்தது. தன் வண்டி நின்று தொலைக்க வேண்டும் என்று ஒரு ஆபரேட்டர் வேண்டிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். சாயங்காலம் வரை அது நிற்கவே இல்லை.

மண்டோர் தொண்டையைக் கனைத்தார். "சரி சரி, வண்டிக்கு எண்ண ஊத்திட்டுக் கெளம்புங்க." மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. என் வாயிலும் வரவில்லை.

கீழே இறங்கிய மகேந்திரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எப்படியோ, நா வேண்டிக்கிட்டது பலிச்சிருச்சு பாத்தீங்களா?"

புனிதா டீசல் குழாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஓட்டய அடைக்க ஒரு பொட்டு போதும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, மொதல்ல ஒங்க வாயில வெச்சிருப்பேன்லா."

தர்மா சிரித்த சிரிப்பில் எல்லாரும் சேர்ந்துகொண்டோம். அவள் சிரிக்கவில்லை, கையை மட்டும் நீட்டினாள்.

"சாவி."

மகேந்திரன் மண்டோரைப் பார்த்தார். மண்டோர் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து சாவி வெளியே வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.