அப்பா கம்ப்யூட்டருக்கு ஒட்டடை அடித்தது

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று திரையைத் துணியால் துடைப்பவர்கள் உண்டு. அதோடு விட்டால் பிழைத்தோம். என் அப்பா உள்ளேயே இறங்கிவிட்டார்.

அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அங்கே பூஜைக்கு முதல் நாள் லேத்தின் மூடியைக் கழற்றி, உள்ளே படிந்த கிரீஸையும் இரும்புத் தூளையும் வழித்தெடுத்த பிறகுதான் பொட்டு வைப்பார்கள். மேலாகத் துடைத்துவிட்டுச் சந்தனம் வைப்பவன் சோம்பேறி என்பது அவர் கட்சி. மல்காஜ்கிரி வீட்டில் இருந்த கம்ப்யூட்டருக்கும் அதே சட்டம்தான். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டு என்ற இடத்தில் டிக் போட்டால் உள்ளே இருக்கும் குப்பையெல்லாம் தெரியும் என்று கூட வேலை செய்த ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த ஆளை உதைக்க வேண்டும்.

டிக் போட்டதும் ஃபோல்டருக்கு ஃபோல்டர் வெளுத்துப்போன ஒரு கோப்பு முளைத்தது. டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ. ஃபோட்டோக்கள் இருந்த இடத்தில் தம்ப்ஸ் டாட் டிபி என்று இன்னொன்று. அப்பாவுக்கு ஒரே குஷி.

"பாத்தியா, எவ்ளோ ஒட்டடை!"

எனக்குப் பத்து வயது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, திரையில் வரும் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்வது என் வேலை. இது சிஸ்டம் கோப்பு, நீக்கினால் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடாமல் போகலாம் என்று எச்சரிக்கை வந்தது. படித்தேன்.

"திருடன் அப்படித்தான் பயமுறுத்துவான். எஸ் அமுக்கு."

அமுக்கினேன். ஃபோட்டோ ஃபோல்டரை மூடித் திறந்தால் அழித்தது மறுபடி உட்கார்ந்திருந்தது. மறுபடி அழித்தோம். மறுபடி வந்தது. அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அவரிடமிருந்து எனக்கு வந்த ஒரே சொத்து அந்தக் கோபம். இருவரும் சேர்ந்து கம்ப்யூட்டரைத் திட்டினோம்.

திட்டிக்கொண்டே போனதில் அக்காவின் ஃபோல்டர் வந்தது. அதுவும் வெளுத்திருந்தது. அதற்குள் இருந்தவை அவள் கையால் வரைந்து ஸ்கேன் செய்த படங்கள். புனேயில் ஒரு அனிமேஷன் கல்லூரிக்கு அனுப்ப வைத்திருந்தாள். அப்பாவோ அவளை ரயில்வே தேர்வுக்குப் படிக்கச் சொல்லியிருந்தார். பென்சிலோடு பார்த்தாலே கத்துவார். அதனால்தான் ஒளித்துவைத்திருந்தாள். வரைந்த காகிதங்களை அம்மா அந்த வாரம்தான் பூஜைக்காக வீட்டை ஒழிக்கிறேன் என்று பழைய பேப்பர்காரனிடம் போட்டிருந்தாள். ஆக, மிச்சம் இருந்தது இந்த ஃபோல்டர் மட்டும். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது, அந்த ஃபோல்டரை அக்கா உருவாக்கியதை என் கண்ணால் பார்த்தது மட்டும்தான்.

அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"நக்கோ டாடி, வேணாம்! அது என் காலேஜ் நோட்ஸ்!"

"நோட்ஸ்னா ஏன் வெளுத்துப் போயிருக்கு? மத்ததெல்லாம் நல்லா மஞ்சளாத்தானே இருக்கு?"

அக்கா அழ ஆரம்பித்தாள். காலேஜ் நோட்ஸுக்காக யாராவது அழுவார்களா? அப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அழிக்கறது இருக்கட்டும். திற, என்னன்னு பாப்போம்."

அந்த நேரம் பார்த்துச் சித்தி பொரிப் பையோடு உள்ளே வந்தாள். அம்மாவின் தங்கை. ஐடி கம்பெனியில் வேலை. குனிந்து திரையைப் பார்த்தாள். நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, மொதல்ல மவுஸ்லேருந்து கைய எடுங்க."

"ஏம்மா? ஒட்டடை அடிக்கிறேன்."

"ஒட்டடையா! அது மிஷின் தனக்குன்னு எழுதி வெச்சுக்கறது மாமா. ஃபோல்டர் எப்படித் தெரியணும், ஃபோட்டோவைச் சின்னதா எப்படிக் காட்டணும், எல்லாம் அதுலதான் இருக்கும். நீங்க அழிச்சா அது திரும்ப எழுதிக்கும். நீங்க கை வைக்கக் கூடாதுன்னுதான் மறைச்சே வெச்சிருக்கான்."

"அப்ப இது? இவ தன் நோட்ஸுங்கறா." அப்பா அக்காவின் ஃபோல்டரைக் காட்டினார்.

சித்தி அதைத் திறக்கவில்லை. ப்ராப்பர்ட்டீஸை மட்டும் திறந்து காட்டினாள்.

"பாருங்க, ஹிட்டன்னு டிக் இருக்கா? இதுவும் சிஸ்டத்தோடதுதான், அவ தெரியாம நோட்ஸுன்னுட்டா. பேரிங் மாதிரி. உருவிட்டீங்கன்னா வண்டி நகராது."

பேரிங் என்றதும் அப்பா கையை எடுத்துவிட்டார்.

"பொய்! அது அக்கா பண்ண..." என்று நான் கத்தினேன். சித்தி ஒரு பிடி பொரியை அள்ளி என் வாயில் திணித்தாள். பொட்டுக்கடலை புரையேறி நான் இருமி முடிப்பதற்குள், மறைந்திருப்பதைக் காட்டச் சொல்லி அப்பா போட்ட டிக்கை எடுத்துவிட்டாள். வெளுத்தவை எல்லாம் மாயமாகின. அப்பா பயபக்தியோடு சந்தனம் குழைத்துப் பெட்டியின் நெற்றியில் வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று அக்கா செய்த ஃபோல்டருக்கும் சிஸ்டம் ஃபோல்டருக்கும் வித்தியாசம் தெரியாதவளை எந்தக் கம்பெனி வேலைக்கு வைத்திருக்கிறது? எங்கள் சித்திக்குக் கம்ப்யூட்டரே தெரியாது என்று தெருப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் சொல்லிவைத்தேன். அக்காவோ சாயங்காலம் வரை சித்தியின் பின்னாலேயே சுற்றினாள். காபி போட்டுக் கொடுத்தாள், கட்டிக்கொண்டாள், கன்னத்தில் முத்தம் வேறு. படித்த பெண், இப்படி ஒரு மக்கிடம் போய் மயங்குகிறாளே என்று எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது.