மொத் அக்காவும் மல்லிகை மாலையும்

மொத் அக்காவுக்குக் கணினியின் எந்த வன்தட்டின் மீதும் நம்பிக்கை கிடையாது. தெய்வங்கள் மீது மட்டும் அளவில்லாத நம்பிக்கை. தாய்லாந்தின் மகாச்சாய் மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தொழிலாளர் உதவி மையத்தின் கணினிகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நான் அங்கே வக்கீல். பௌர்ணமிதோறும் ஈரம் சொட்டும் மல்லிகை மாலையைச் சர்வர் பெட்டியின் மேல் சாத்துவாள். மின்சாரத்துக்கும் பக்திக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்காத பௌர்ணமி இல்லை.

"உன் வாதத்தையெல்லாம் கோர்ட்டுல வச்சுக்க தம்பி" என்பாள்.

இந்த முறை மாலைத் தண்ணீர் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. உள்ளே இருந்த வன்தட்டு அப்போதே செத்தது. அதன் நகலைத் தாங்கிய இன்னொரு தட்டும் அதே பெட்டிக்குள்தான். அது திக்கித் திணறியது. கோப்புகள் எதுவும் திறக்கவில்லை.

அவற்றில் ஒன்று மா நுவேயின் வாக்குமூலம். இறால் தொழிற்சாலைக் குளிரறையில் அமோனியா கசிந்தபோது உள்ளே சிக்கிய பர்மியப் பெண். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே எங்களிடம் பேசிப் பதிவு செய்துவிட்டு இறந்துபோனாள். கதவு திறந்துதான் இருந்தது, அவள்தான் ஓடவில்லை என்கிறது நிர்வாகம். கொன்றதும் போதாமல் பழியும் அவள் மேலேயே. விசாரணை அடுத்த வாரம். அவள் கணவன் கோ தெய்ங் வேலைக்குப் போகாமல் எங்கள் அறையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, பழுதுபாக்குற கட்டளை ஒண்ணு இருக்குல்ல, அதத் தட்டி விடேன்" என்றேன்.

"சாகக் கெடக்கறவன எழுப்பி மூட்ட தூக்கச் சொல்றியா? இது மேல எழுத ஆரம்பிச்சா மிச்சமும் போயிடும். முதல்ல நகல் எடுக்கணும். வைத்தியம் நகலுக்குத்தான்."

படிக்க முடிந்த பகுதிகளை முதலில் வேறு தட்டுக்கு மாற்றினாள். முரண்டுபிடித்த இடங்களை விட்டுவிட்டு, பிறகு திரும்பி வந்து கெஞ்சுவதுபோல் மறுபடி மறுபடி முயன்றாள். மின்விசிறியைத் தட்டின் பக்கம் திருப்பிவிட்டுத் தான் வியர்வையில் நனைந்தாள்.

நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "சாமி தண்ணி ஊத்தல. நான்தான் ஊத்தினேன்."

எத்தனையோ முதலாளிகளைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். ஒருவன்கூட இப்படிச் சொன்னதில்லை. தயாராக வைத்திருந்த பிரசங்கத்தை விழுங்கிவிட்டேன்.

பிறகு நகலின் மேல் பழுதுபார்த்தாள். கோப்புகள் மீண்டன; ஆனால் பெயர்கள் போய், வெறும் எண்களோடு ஒரே கோப்புறைக்குள் குவிந்து கிடந்தன. தொழிற்சாலையிலும் தொழிலாளர்களுக்கு எண்தானே. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். யார் யாரோ பேசினார்கள், அழுதார்கள்.

திடீரென்று கோ தெய்ங் எழுந்தான். "அக்கா, நிறுத்தாதீங்க. அவதான்."

"இன்னும் பேசவே இல்லையேப்பா?"

"பேசறதுக்கு முன்னாடி 'ச்'சுனு நாக்கக் கொட்டுவா. என்னத் திட்டப்போறான்னா தினம் இதான் சத்தம்."

பர்மிய மொழியில் குரல் வந்தது. அவன் அழுதுகொண்டே எங்களுக்குச் சொன்னான்: "வெளியிலருந்து தாழ்ப்பாள் போட்டிருந்துச்சாம். எல்லாரும் தட்டினாங்களாம்."

மொத் அக்கா அந்தக் கோப்பின் எண்ணை அழித்து, 'மா நுவே' என்று தட்டினாள். அதன் பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நீதிமன்றத்தில் அந்தக் குரல் ஒலித்த பிறகு, கதவு திறந்திருந்தது என்று யாரும் வாய் திறக்கவில்லை.

இப்போது நகல்கள் வேறு கட்டடத்திலும் இருக்கின்றன. அடுத்த பௌர்ணமியன்று சர்வர் மேல் மறுபடியும் மாலை.

"அக்கா!"

"கத்தாத. பிளாஸ்டிக்."