ரூலில் இல்லாத மிளகு

1. தராசு வந்த நாள்

இன்ஸ்பெக்டர் தராசைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது யூசுப் பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த டீயை அவர் குடித்து முடிக்கவே இல்லை.

திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்னால் எங்கள் கற்பூரக் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பொடியை வில்லையாக அழுத்தும் கைப் பிரஸ் இரண்டு, பாக்கெட் போடும் பெண்கள், ஒரு கோடவுன், ஆபீஸ் என்ற பெயரில் ஒரு மேசை. அந்த மேசைக்குப் பின்னால் நான், சரோஜா. எழுபதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி யூசுப் பாய் சொல்லிவிட்டார்: "கவர்ன்மென்ட்டு நாளுக்கொரு சட்டம் போடுது. அத படிச்சி எனக்குப் புரியிற மாதிரி சொல்றதுக்குத்தாம்மா உனக்கு சம்பளம்."

இப்போது இந்த வேலைக்குக் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்று பேர் வைத்து ஏசி ரூமும் கொடுக்கிறார்களாம். எனக்கு ஒரு மேசை விசிறிகூடக் கிடையாது. காற்றுப் பட்டால் கற்பூரம் பறந்துவிடும் என்று பாய் விடவே மாட்டார்.

முன்பெல்லாம் கற்பூரத்தைக் கண்ணால் பார்த்து வாங்கினார்கள், நாங்களும் விற்றோம். புதுச் சட்டம் வந்த பிறகு பாக்கெட் மேல் கம்பெனி பெயர், விலாசம், பேக் செய்த மாதம், விலை, நிகர எடை எல்லாம் அச்சடிக்க வேண்டும் என்றார்கள். ஒன்று விடாமல் அடித்தேன். பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "பாரு, ஜாதகம் மாதிரி எல்லாம் எழுதியிருக்குது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார்.

அந்த நிகர எடைதான் எங்களைக் கவிழ்த்தது.

இன்ஸ்பெக்டர் வேலைக்குப் புதிது. கை சுத்தமான ஆள், டீகூட வேண்டாம் என்றுவிட்டார். கார்த்திகை தீபத்துக்காக மாதக்கணக்கில் அடித்து அடுக்கிய சரக்கிலிருந்து ஒரு பெட்டியைப் பிரித்து நிறுத்தார். ஒவ்வொரு பாக்கெட்டும் எடை கம்மி.

"ஏம்மா, எழுதியிருக்கறது ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணா?"

"சார், போடும்போது கரெக்டா நிறுத்துத்தான் போட்டோம். இருக்க இருக்க அது காத்துல கரையும். உங்க வீட்டு டப்பாவுலயும் கரையுமே!"

"தெரியும்மா. எங்க வீட்டுலயும் கற்பூரம் கரையாம இருக்க மிளகு போட்டுத்தான் வைப்பாங்க. ஆனா ரூல்ல மிளகு இல்லியே."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தராசையே பிடுங்கி வீசியிருப்பேன். அவரோ நிதானமாக அந்தப் பெட்டியைத் துணியில் கட்டி, அரக்கு வைத்து, எடையை மெமோவில் எழுதி எடுத்துக்கொண்டார். கோடவுனுக்கும் சீல். வேலூரிலிருந்து பெரிய அதிகாரி வந்து விசாரிக்கும்வரை ஒரு பாக்கெட் வெளியே போகக் கூடாது.

பாய் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "சாமிக்குக் கொளுத்தற பொருள்ல திருடினான்னு ஊர் பேசுமேம்மா. கேஸ் வந்துச்சுன்னா கடைய மூடிட்டு ஆம்பூருக்குப் போயிடறேன். மச்சான் தோல் மண்டில கணக்கு எழுதறேன்." பிரஸ் பக்கம் நின்ற பெண்கள் என்னைத்தான் பார்த்தார்கள். பாய் ஆம்பூருக்குப் போனால் அவர்கள் எங்கே போவார்கள்?

2. வாசனை

ஐப்பசி முடியும் நேரம் கோடவுன் சீலை எடுக்கச் சொல்லி மனு கொடுக்க இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போனேன். வாசலிலேயே கம்மென்று வாசனை. கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. எங்கள் பெட்டி இருந்த பீரோவிலிருந்துதான் வந்தது. பியூன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நல்லாத்தாங்க இருக்குது, ஆபீசுக்கு வரவங்கல்லாம் செருப்பக் கழட்டிட்டு வராங்க" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. வாசனை வெளியே வருகிறது என்றால் எடை உள்ளே குறைகிறது! மனுவை நீட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினேன். வழியெல்லாம் சிரிப்புத்தான்.

பாயிடம் விஷயத்தைச் சொல்லி, "விசாரணையில நீங்க வாயே தெறக்காதீங்க பாய். பெட்டி எடை மெமோவுக்கே பொருந்தாது, சாட்சி தன்னால சாயும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

3. விசாரணை

கார்த்திகை பிறந்தபின் வேலூர் அதிகாரி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கே வந்தார். பெட்டி வந்தது. அரக்கு உடைந்தது. நிறுத்தார்கள். அதிகாரி மெமோவைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"என்னய்யா இது? நீ எழுதின எடைகூட இல்ல? பீரோ சாவி யார்கிட்ட?"

"என்கிட்டத்தான் சார்."

"அப்ப நீ எடுத்தியா?"

அந்தப் பிள்ளைக்கு முகம் வெளுத்துப்போனது. நானோ உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் கேஸ் செத்தது!

பாய் எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அடப் பாவி மனுஷா, உட்காருங்களேன்! கேட்டால்தானே.

"சார், அந்தத் தம்பி மேல தப்பு இல்லீங்க. ஒரு துண்டுகூட எடுத்திருக்க மாட்டாரு. என் கடையில ஒரு டீ வாங்கிக் குடிக்காதவரு. அது தானா கரைஞ்சி போவுதுங்க. திருடன்னு பேரெடுத்தா எப்படி இருக்கும்னு இந்த ஒரு மாசமா எனக்குத் தெரியும். அது அவருக்கு வேணாங்க."

அதிகாரி பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அரக்கு வச்ச பெட்டியில இவர் எடுக்காமலே கொறைஞ்சுதுன்னா, கோடவுன்ல நீங்க எடுக்காமலேதான் கொறைஞ்சிருக்கும். அப்படித்தானே?" என்றார். பிறகு அவர் முகத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? சட்டென்று எழுந்து, "சார், 'பேக் செய்தபோது எடை'ன்னு போட்டுக்கறோம். அதுதானே நெசம்?" என்றேன். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன், அதுவரை அப்படியே ரப்பர் ஸ்டாம்ப் குத்தி விற்கலாம் என்று அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டார். பாய் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் சிரிப்பும் பாட்டுமாக ஸ்டாம்ப் குத்தினார்கள். தீபத்துக்கு முன்னால் சரக்கு முழுதும் போய்ச் சேர்ந்தது. பிறகு மேலிடத்திலிருந்தும் சரி என்று பதில் வந்தது.

பாய் மட்டும் என் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வருஷம் தப்பியிருப்போம். அடுத்த வருஷம் இன்னொரு தராசு வந்திருக்கும். இன்று இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சட்டத்தில் ஓட்டை தேடி அலையாதீர்கள். உங்கள் சரக்கின் குணத்தைச் சட்டத்திடம் போய்ச் சொல்லுங்கள், அதற்கும் அது தெரிய வேண்டாமா?

தை மாதம் வேறு வேலையாக அந்த ஆபீசுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர், "வாங்கக்கா" என்று நாற்காலி இழுத்துப் போட்டார். 'ஏம்மா' போய் 'அக்கா' வந்திருந்தது. பீரோ திறந்திருந்தது. உள்ளே வேறு யாருடைய கேஸிலோ பிடித்த கற்பூரப் பெட்டி ஒன்று, அதன் மேல் சின்னதாக ஒரு காகிதப் பொட்டலம். பிரித்துப் பார்த்தேன். மிளகு.

"இன்னா சார், ரூல்ல மிளகு இல்லியே?"

"வைக்கக் கூடாதுன்னும் இல்லியேக்கா" என்றார்.