நாற்பதைத் தாண்டாத ஜெயகரன்

ஆண்டர்சன்பேட்டை ஜெயகரன் இருபது வருடம் தங்கச் சுரங்கத்தில் ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கும் கேஜ் ஓட்டியவர். செங்குத்தான ஷாஃப்டுக்குள் என்ன ஏறுகிறது என்று மேலே மோட்டார் ரூமில் இருக்கும் அவர் கண்ணுக்குத் தெரியாது, மணிதான் சொல்லும். மூன்று மணி என்றால் ஆள், மெதுவாக. ஒரு மணி என்றால் கல், வேகமாக. சுரங்கத்தை மூடிய அரசாங்கம் இந்தச் சட்டத்தை மூட மறந்துவிட்டது. இன்றும் அவர் காரில் ஏறுகிறவர் டாஷ்போர்டில் மூன்று தட்டு தட்டினால்தான் வண்டி நகரும். நகர்ந்தால் நாற்பதைத் தாண்டாது.

மருமகள் ஷோபாவுக்கு ஹொசகோட்டையில் பத்து மணிக்கு இன்டர்வியூ. ஏற்கெனவே மூன்று கம்பெனிகள் கைவிரித்திருந்தன. கணவனுக்குக் காலை ஷிஃப்ட். ஆகவே மாமனார் சாரதியானார்.

சென்னை விரைவுச்சாலையில் ஏறினார்கள். நாலு ஊர்க்காரர்களும் பறப்பதற்காகப் போட்ட சாலையில் ஜெயகரன் ஊர்வலம் போனார். தக்காளி லாரி ஒன்று முந்தியது. கிளீனர் எட்டிப் பார்த்து அனுதாபப்பட்டான்.

"மாமா, மணி ஒம்போதேகால்."

"இருக்கட்டும்மா. ஆளு கீறாங்க இல்ல."

கொஞ்ச தூரத்தில் ரோந்து ஜீப் ஓரங்கட்டச் சொன்னது.

"ஏன் சார், காடி கெட்டோயித்தா?" வண்டி பழுதா என்று கன்னடத்தில் விசாரித்தார் போலீஸ்காரர்.

"இல்ல சார். வண்டியில ஆளு."

வேகமாகப் போனதற்கு அபராதம் போட்டுப் பழகியவர், இதற்கு எந்தப் பிரிவு என்று யோசித்துவிட்டு, போகச் சொன்னார்.

ஜெயகரன் கியரில் கை வைத்துக் காத்திருந்தார். ஷோபா டாஷ்போர்டில் ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

"இன்னாம்மா, ரெண்டு பாக்கி."

"சரியாத்தான் மாமா தட்டினேன். கல்லு."

"நீ உக்காந்துனு கீறியே."

"உங்க ரூம்ல உக்காந்துனு ஷாஃப்டு உள்ள எட்டியா பாத்தீங்க? மணி இன்னா சொல்லுதோ அதான."

இருபது வருட சர்வீஸில் மணியை அவர் சந்தேகப்பட்டதில்லை. முகத்தை நேராக வைத்துக்கொண்டு அழுத்தினார். தக்காளி லாரி பின்னால் போனது. ஷோபா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கல்லுக்குரிய மௌனம் காத்தாள்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்குக் கம்பெனி வாசல். அவள் ஃபைலோடு ஓடினாள். ஜெயகரன் அரை மணி நேரம் ஸ்டியரிங்கை விடவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. எப்படி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று மகன் கேட்டபோது, பொய்யே பேசாத ஜெயகரன் சொன்னார்: "சீக்கிரமே கெளம்பிட்டோம்பா."

ஷோபா சாம்பாரைக் கிளறப் போய்விட்டாள்.