கதைத்துக்கொண்டே ஓடிய அக்கா

தொண்டைமானாற்றில், கடற்றொழில் செய்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அக்கா. சிறுவயதில் கரை மணலில் ஓடிப் பழகிய கால்கள் அவரைப் பாடசாலை மரதன் ஓட்டங்களுக்கும், பின்னர் உடற்கல்வி ஆசிரியை வேலைக்கும் கொண்டுசென்றன. எங்களைப் பெற்ற ஐயா கடலோடு போன பிறகு என்னைப் படிப்பித்து ஆளாக்கியவரும் அவரே. இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் மட்டும் ஓட்டம் நின்றிருந்தது. ஊர் திரும்பிய மறுநாள் காலையே வல்லை வெளிப் பக்கமாக ஓடிவிட்டு வந்தார்.

ஓய்வுபெற்ற பின்னும் ஓடினார். அறுபது வயது கடந்த பின் ஒரு காலை, எங்கள் ஊர்ப் பாலத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மீன் ஏற்ற வந்தவர்கள் ஓட்டோவில் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுகிறது என்றார் வைத்தியர். நெடுங்காலம் நெடுந்தூரம் ஓடியவர்கள் சிலருக்கு வயது போன பிறகு இப்படி வருவதுண்டாம்.

இனி ஓட்டம் வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். அக்கா எங்களோடு வாதாடவில்லை. அடுத்த கிளினிக்குக்கு என்னையும் அழைத்துப் போய் வைத்தியரிடமே கேட்டார்.

"ஓட வேண்டாமெண்டு எல்லாரும் சொல்லுகினம், டொக்டர். எவ்வளவு ஓடலாமெண்டு நீங்கள் சொல்லுங்கோ."

வைத்தியர் சிரித்துவிட்டார். பிறகு நின்ற இடத்திலேயே நடக்கவைக்கும் மெஷினில் அவரை ஏற்றி, நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார். தந்த குளிசைகளை விழுங்கத் தவறக்கூடாது, போட்டி கூடாது, தனியே போகக்கூடாது என்றார். ஓடும்போது மூச்சு முட்டாமல் கதைக்க முடியவேண்டும்; முடியாவிட்டால் நடக்கவேண்டும்.

அப்படித்தான் நான் சைக்கிளில் அக்காவுக்குப் பக்கத்தில் போகத் தொடங்கினேன். கதைப்பது வைத்தியரின் கட்டளை என்பதால் அவர் வாய் ஓயவில்லை. திருமணம் வேண்டாம் என்று அவர் சொன்னது ஏன் என்பதையும், கடற்கரையில் வளர்ந்தும் அவருக்கு நீந்தத் தெரியாது என்பதையும் அந்த வீதியில்தான் அறிந்தேன். நித்திரையில் துடிப்பு ஏன் குறைகிறது, பயந்தால் ஏன் கூடுகிறது என்று என்னைக் கேட்பார். வீடு வந்ததும் என் போனில் தேடச் சொல்லுவார். அவரைப் பார்க்க வந்து, இன்று இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலருடைய மணிக்கட்டையும் பிடித்துத் துடிப்புப் பார்த்திருப்பார்.

ஒருநாள், பயமில்லையோ என்று கேட்டேன்.

"பயம் இருக்குது தம்பி. அதாலைதானே மெதுவா ஓடுறன். இல்லாட்டி உன்ரை சைக்கிள் எனக்குப் பின்னாலைதான் வரும்."

சென்ற மாதம் ஒரு காலை ஓடி வந்து, தேநீர் குடித்து, சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்தவர் பிறகு எழும்பவில்லை.

இறுதிக் கிரியைக்கு வந்த உங்களில் சிலர் என்னைத் தனியே அழைத்து, ஓட்டம்தான் அவரைக் கொண்டுபோனதா என்று மெல்லக் கேட்டீர்கள். நானும் வைத்தியரிடம் அதைத்தான் கேட்டேன். ஓட்டம் அக்காவின் ஆயுளைக் குறைத்ததா, கூட்டியதா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். வைத்தியருக்கே தெரியாததைத் தெரிந்ததுபோல நான் இங்கே எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது.

அன்று அக்காவைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றிய கைகளுக்கும், சலிக்காமல் பதில் சொன்ன வைத்தியருக்கும், தாதியருக்கும், துக்க நாட்களில் சமைத்துத் தந்த அயலவருக்கும், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மனதில் வைத்திருக்காமல் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் நன்றி.

உடன்பிறந்தவன் என்பதால் என் நெஞ்சையும் ஒருமுறை பரிசோதித்துப் பார்க்கவேண்டும் என்று வைத்தியர் எனக்குச் சொல்லியிருக்கிறார். கிரியைகள் முடிந்ததும் போகிறேன். அவரிடம் கேட்பதற்கு என்னிடமும் கேள்விகள் சேர்ந்திருக்கின்றன.