கழிக்காமல் விட்ட பத்துக் கிழமை

1. சிவப்பு மை

நுரைச்சோலைப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்த காலமெல்லாம் என் பையில் ஒரு சிவப்பு நூல்பந்து இருந்தது. குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல அசைத்தால், கண் அதன் பின்னால் போகிறதா என்று பார்க்கலாம். அந்தப் பந்தை வைத்து நான் செய்த ஒரு பிழையைப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். என் கெட்டித்தனங்களை எழுதினால் யாரும் வாசிக்கப்போவதில்லை.

அன்று தடுப்பூசி கிளினிக். ரிஸ்வானா தன் மூத்த பிள்ளை அஸீமோடு வந்திருந்தாள். நாற்பது கிழமை நிறைந்து பிறக்க வேண்டியவன், முப்பதாவது கிழமையிலேயே பிறந்துவிட்டான். பல கிழமைகள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவன். பிறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஊசி போட்ட பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக அழுதுகொண்டிருந்தன. வெளியே லொறிகளின் ஹோர்ன் சத்தம்.

பந்தைக் காட்டினேன். ஒரு கணம் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடியும் காட்டினேன். விக்கல் எடுத்தது, கைவிரல்கள் விரிந்தன. மூன்றாம் தரம் கண்ணையே மூடிவிட்டான். வரிசை வாசல் தாண்டி நின்றது. எனக்குப் பொறுமையில்லை. கிளினிக் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: “பொருளைப் பின்தொடரவில்லை. கவனம் குறைவு.”

“மிஸ், புள்ளைக்கு கண் தெரியாதா?” என்று கேட்டாள் ரிஸ்வானா.

“கண்ணத்தான் ஆஸ்பத்திரியில சோதிச்சி, சரியெண்டு எழுதியிரிக்காங்களே. கவனம்தான் பத்தாது. நெறைய காட்டுங்க, நெறைய கதைங்க.”

அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

2. பல்ப் மாலை

பத்து நாள் கழித்து வீடு பார்க்கப் போனேன். அஸீமின் வாப்பா நிஸார் வெங்காயத் தோட்டக்காரர். ஒரு வேலையைச் சொன்னால் இரண்டாகச் செய்கிற மனிதர். தொட்டிலைச் சுற்றி மின்னும் பல்ப் மாலை, தலைக்கு மேலே சாவிகள் கிலுங்கும் திறப்புக் கோர்வை, கால்மாட்டில் பாட்டுப் போட்ட போன். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முறைவைத்துக் கைதட்ட வேண்டும் என்று உத்தரவு வேறு.

“நீங்க சொன்னபடி ஒரு நாளும் விடல்ல மிஸ்,” என்றார் பெருமையாக.

பிள்ளையைத் தராசில் வைத்தேன். பத்து நாளில் ஒரு கிராம்கூட ஏறவில்லை. பால் குடிக்கத் தொடங்கியதும் களைத்துத் தூங்கிவிடுகிறானாம்.

நிஸார் வெளியே போனதும் ரிஸ்வானா மெதுவாகச் சொன்னாள். “அவனுக்கு என்னப் புடிக்கல்ல மிஸ். என் மொகத்த பாத்திட்டு அங்கால திரும்பிடுறான். பெட்டியில இருந்த நாள்ல நான் தூக்கல்லதானே, அதான் என்ன உம்மாண்டு தெரியல்ல. இப்ப நானும் அவனோட கதைக்கிறல்ல.”

தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் விட்டு விலகிக்கொண்டிருந்தார்கள். அதைத் தொடக்கிவைத்தது என் சிவப்பு மை.

மறுநாள் காலை எங்கள் டொக்டரிடம் புத்தகத்தை நீட்டினேன். அந்த அம்மா சிங்களவர். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

“இந்தப் பிள்ளை பிறக்க வேண்டிய நாள்ல இருந்து எண்ணினா எத்தனை மாசம்?”

விரல்விட்டு எண்ணினேன். நான் பந்து காட்டிய நாளில் முழுதாக இரண்டு மாதம்கூட இல்லை.

“நிறை பார்க்கும்போது வயசில பத்துக் கிழமை கழிக்கிறீங்க. கவனத்துக்குக் கழிக்க மறந்திட்டீங்க.”

வகுப்பில் படித்ததுதான். ஆனாலும் அவர் திரும்பச் சொல்லித்தந்தார். கருப்பையின் இருட்டில் வளர வேண்டிய மூளை, லைட்டுக்கும் மெஷின் சத்தத்துக்கும் நடுவில் வளர்ந்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான், அதையும் கொஞ்ச நேரம்தான் அது தாங்கும். முகம் திருப்புவது வெறுப்பில்லை, இளைப்பாறுவது. அந்த நேரத்தில் இன்னும் காட்டினால் பிள்ளை மூடிக்கொண்டுவிடும்.

3. பதினேழு

அன்று பின்னேரமே போனேன். முதல் வேலையாக எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன்.

“எல்லாத்தையுமா?” நிஸாருக்கு மனமே வரவில்லை. “புத்தளம் டவுனுக்குப் போய் வாங்கினது மிஸ்.”

“பெருநாளைக்குப் போடலாம். இப்ப கழட்டுங்க.”

பிள்ளை முழித்து அமைதியாகக் கிடந்தான். யன்னல் சீலையை இழுத்துவிட்டு, ரிஸ்வானாவைக் கட்டிலில் இருத்தி, பிள்ளையை அவள் மடியில் முகம் பார்க்கக் கிடத்தினேன். பேசவேண்டாம், அசைக்கவேண்டாம், முகத்தை மட்டும் காட்டுங்கள் என்றேன்.

அஸீம் பார்த்தான். பிறகு திரும்பிக்கொண்டான். அவள் முகம் வாடிவிட்டது. பிள்ளையைத் தூக்கப் போனாள். நான் கையைப் பிடித்தேன்.

“பொறுங்க. மனசுக்குள்ள எண்ணுங்க.”

அவள் உதடு அசைந்தது. நிஸார் வாசலில் பல்ப் மாலையை அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். நானும் எண்ணினேன். பதினேழில் பிள்ளை திரும்பினான். முதலில் அவள் வாயைப் பார்த்தான், பிறகு கண்ணை.

“வந்திட்டான்,” என்றாள் ரிஸ்வானா. அழுதாள். நானும்தான்.

கிளினிக் புத்தகத்தில் சிவப்பு வரிக்குக் கீழே எழுதிக் கையெழுத்து வைத்தேன்: “மேலுள்ளது என் பிழை. பத்துக் கிழமை கழித்துப் பார்க்கவும். முகம் திருப்பினால் காத்திருக்கவும்.” அடுத்த மாதம் நிறை ஏறியது.

4. ஒன்பது

முந்திப் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத மாட்டேன். சிலருக்குக் கவனம் பள்ளிக்கூட வயதிலும் களைக்கும். ஓய்வுபெற்ற பிறகு பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது ரிஸ்வானாவைக் கண்டேன். அஸீம் இரண்டாம் வகுப்பு. பாடம் நடக்கும்போது யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான், கூப்பிட்டால் கேட்பதில்லை என்று டீச்சர் முறைப்பாடு சொன்னாவாம்.

“காதையும் கொண்டுபோய் சோதிச்சிட்டம், பிழையில்ல. பொறகு கிளினிக் புத்தகத்த எடுத்திட்டு ஸ்கூலுக்குப் போனேன் மிஸ். நீங்க எழுதினத காட்டினேன். முன் வாங்குல இருத்துங்க, ஒரு தரம் கூப்பிடுங்க, ரெண்டாம் தரம் கூப்பிட முன்னுக்கு எண்ணிப் பாருங்கண்டு சொன்னேன்.”

பிழை செய்தால் அதைப் புத்தகத்திலேயே எழுதிவையுங்கள், அழிக்காதீர்கள். நான் இந்த வேலையில் கற்றது அதுதான். என் பிழை அந்தத் தாய்க்குப் பேசுவதற்கு ஒரு தாளாக உதவியிருக்கிறது.

“டீச்சர் எண்ணினாவா?” என்று கேட்டேன்.

“ஓம் மிஸ். பதினேழு வரைக்கும் போகல்ல,” என்றாள். “ஒம்பதுல திரும்பிட்டான்.”