ஆறு மீட்டர் சொத்தை

சங்கரேஸ்வரியைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வரும். மற்றதெல்லாம் அப்புறம்.

தாராவி லேபர் கேம்ப்பில் என் வீட்டுக்கு எதிர் வீடு அவளுடையது. அப்பா செல்லப்பாண்டி, சட்டைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். அம்மா முப்பிடாதியம்மாள், பட்டறையில் மிஞ்சுகிற வெட்டுத்துண்டுகளை ஒட்டுப்போட்டுக் கால்மிதி தைத்து விற்பவர். அந்தத் துண்டுகளை இங்கே 'சிந்தி' என்போம். மகள் பல்கலைக்கழகத்தில் அப்ளைடு டெக்ஸ்டைல் டிசைன் சேர்ந்தபோது எங்கள் சந்தே கேலி பேசியது. "துணி வெட்ட நாலு வருசம் படிக்கணுமாக்கும்? உங்கப்பன் நாலு நிமிசத்துல வெட்டிருவாரே!" என்றார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

சங்கரி பதிலுக்குச் சிரிக்கிறவள் அல்ல, முறைக்கிறவள். "ஜான்சிக்கா, இது பூப்போடுத படிப்பு இல்ல. இந்தத் துணி யாருக்கு, எதுக்குன்னு கேக்குத படிப்பு" என்பாள். தோளில் நாலடி காகிதச் சுருளோடு காலை லோக்கல் ரயிலில் ஏறுவாள். அந்தச் சுருளை யாராவது இடித்துவிட்டால் லேடீஸ் பெட்டி முழுக்க அவள் குரல்தான் கேட்கும்.

கடைசி வருஷ புராஜெக்டில்தான் வினை வந்தது. தலைப்பு கேட்டபோது வகுப்பில் ஒருத்தி ஆழ்கடல் என்றாள், இன்னொருத்தி பனிக்காடு என்றாள். எல்லாவற்றுக்கும் சரி என்றார் கைடு மேடம். சங்கரி கேட்டது ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிக்குத் துணையாக வந்து தரையில் கிடப்பவர்களுக்கான விரிப்பு. அதற்கு மட்டும் மேடம் உதட்டைப் பிதுக்கினார். "நீ தாராவிப் பெண். உன் கதையைக் கொண்டு வா" என்றாராம். ஆழ்கடல்காரி என்ன மீன் வயிற்றிலா பிறந்தாள்? அவளை யாரும் கேட்கவில்லையே!

சங்கரி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தாள். அம்மா கால்மிதிக்கு ஒட்டுப்போடுகிற அதே முறையில் விரிப்பைச் செய்தாள். விரித்தால் பாய், ஓரத்தை மடித்தால் தலையணை. எத்தனை தடவை துவைத்தாலும் ஒட்டு பிரியாது. முலுண்டில் ஆஸ்பத்திரித் துணி செய்கிற கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, டிகிரியோடு ஜூலையில் வா, வேலை தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். பாஸாக வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

இதற்கு நடுவில், ஜனவரியில், மேடம் மொத்த வகுப்பையும் தாராவிக்கே கூட்டிவந்தார். களப்பயணமாம். சங்கரி வழிகாட்டியாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டுக்குள் பதினைந்து பேர் செருப்போடு ஏறினார்கள். சோறு பொங்கிச் சாப்பிடுகிற தரை அது. முப்பிடாதியக்கா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். வந்தனா என்ற பெண் குந்தி உட்கார்ந்து கால்மிதிகளை வளைத்து வளைத்துப் படம் எடுத்தாள். எடுக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மே மாதம் கண்காட்சி. தேர்வும் அங்கேயே, ஹாலில் நடந்தது. முப்பிடாதியக்காவை நான்தான் கூட்டிப்போயிருந்தேன். குர்லாவில் நான் வேலை பார்க்கிற பல் டாக்டரிடம் அரை நாள் லீவு கேட்டு வாங்கியிருந்தேன். தேர்வாளர்கள் ஒவ்வொரு மேசையாக வந்தார்கள். சங்கரியின் விரிப்பைத் தொட்டுப் பார்த்த தேர்வாளர் அம்மாள், "இதே ஒட்டு வேலையை அங்கே பார்த்தோமே" என்று கையைக் காட்டினார். சுவரில் அதே ஒட்டு வேலையை அச்சடித்த வந்தனாவின் துணி ஆறு மீட்டர் நீளத்துக்குத் தொங்கியது. அவளுடையது முதலில் பதிவானதாம். அதனால் சங்கரியுடையது நகலாம், பாஸ் கிடையாதாம்!

இங்கிலீஷ் புரியாத முப்பிடாதியக்கா அதற்குள் அந்தத் துணிக்குப் பக்கத்தில் போய்விட்டார்.

"ஏளா ஜான்சி, இங்க வந்து பாரு. இந்தச் சவத்துல பூராம் சொத்தை சொத்தைன்னுல்லா எழுதிருக்கு! இது உங்க அண்ணன் கையெழுத்துல்லா!"

ஆமாம். ஓட்டையோ கறையோ உள்ள துண்டில் செல்லப்பாண்டி அண்ணன் மார்க்கர் பேனாவால் 'சொத்தை' என்று எழுதி ஒதுக்குவார். அவருக்குத் தெரிந்த எழுத்து தமிழ் ஒன்றுதான். துவைத்தாலும் போகாத அந்த மை கால்மிதியில் அங்கங்கே தெரியும். வந்தனா அதை ஏதோ கோலம் என்று நினைத்து, ஜாணுக்கு ஒன்றாக அச்சடித்து வைத்திருந்தாள். மழைக்கோடுகளிலிருந்து தானே உருவாக்கிய வடிவம் என்று பக்கத்திலேயே ஒரு அட்டை வேறு. நாள் முழுக்கச் சொத்தைப் பல் பார்க்கிறவள் நான். இத்தனை சொத்தையை ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

இந்தி மீடியத்தில் படித்த சங்கரிக்கு எழுத்துக் கூட்டாமல் படிக்க வருகிற ஒரே தமிழ்ச் சொல் அதுதான். "ரிஜெக்ட் சரக்கு, மேடம்" என்றாள். "எங்க அப்பா எழுதினது. எங்க அம்மா தைச்சது."

வந்தனாவின் முகம் வெளுத்தது. திருட்டு கையும் களவுமாகப் பிடிபட்டது என்று நான் நிமிர்ந்து நின்றேன். தேர்வாளர் அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? "அற்புதம்! உழைப்பாளியின் குரல்!" என்று கை தட்டினார். மேடம் உடனே ஒரு படிவத்தை எடுத்து வந்தார். இருவரும் சேர்ந்து செய்த புராஜெக்ட் என்று போட்டுவிடலாம், இரண்டு பேரும் பாஸ், கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். வந்தனா முந்திக்கொண்டு போட்டாள்.

"எங்க அம்மா பேரையும் சேருங்க" என்றாள் சங்கரி.

மேடம் படிவத்தைக் காட்டினார். பெயர், பக்கத்தில் ரோல் நம்பர். ரோல் நம்பர் இல்லாத பெயருக்கு இதில் இடமில்லை. முடியாதென்றால் அடுத்த செமஸ்டரில் முதலிலிருந்து செய்துகொள்ளலாம் என்றார்.

"என்னளா கேக்காவ?" என்றார் முப்பிடாதியக்கா என்னிடம். ஜூலை வேலை போய்விடுமே என்ற பதற்றத்தில் சங்கரியின் கையைப் பிடித்தேன்.

"போட்டுத் தொலையேன்ளா. ஒரு கால்மிதிக்குப் போயி என்ன இம்புட்டு வீம்பு?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை வந்தனாவுக்குக்கூடக் கிடைக்கவில்லை. பிறகு பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

முலுண்ட் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. சங்கரி அதே விரிப்பை மறுபடி முதலிலிருந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். கதவைத் திறந்தால் நேர் எதிரே அவள் முகம்தான். நாலு மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மேடத்தோடு பேசுகிறாள், வந்தனாவோடுகூடப் பேசுகிறாளாம். முதலில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, நல்லதுக்குச் சொன்னது ஒரு குற்றமா என்று. இப்போது அப்படிக் கேட்க வாய் வரவில்லை. அவள் அம்மாவின் வேலையை அந்த ஹாலில் ஒருத்தி திருடினாள், ஒருத்தி கை தட்டினாள். வெறும் கால்மிதி என்று சொன்னவள் நான் ஒருத்திதான்.